ஒரே கிரீஸை நோக்கி இரண்டு பேர்

கிரிக்கெட் ஆடப் புதிதாக வந்து சேர்ந்திருக்கும் தம்பிகளே, ரன் வராமல் தவிக்கும்போது என்ன செய்வது என்று உங்களில் சிலர் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். தலையை எங்கே வைப்பது, காலை எப்போது நகர்த்துவது என்பதையெல்லாம் சொல்லித்தர இன்று ஆயிரம் பேர் இருக்கிறார்கள். செல்போனைத் தட்டினால் வீடியோவே வந்துவிடுகிறது. நான் அதைச் சொல்லப்போவதில்லை. துபாயில் ஒரு கம்பெனி டீமில் ஆடிப் பிழைத்தவன், பிறகு பக்கத்து ஷார்ஜாவில் பயிற்சியாளனாக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், ஒரு சீசன் முழுக்க ரன் இல்லாமல் கிடந்து மீண்டு வந்த கதையைச் சொல்கிறேன். மீண்டு வந்த கதை என்றதும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன் என்று எதிர்பார்க்காதீர்கள். இதைச் சொல்ல எனக்கு இன்றும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள் அவை. துபாயில் பல கட்டுமானக் கம்பெனிகளுக்குச் சொந்தமாக கிரிக்கெட் டீம் இருந்தது. முதலாளிகளுக்குள் அது ஒரு கௌரவப் பிரச்சினை. இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் ஆடத் தெரிந்தவர்களாகப் பார்த்துக் கொண்டுவருவார்கள். விசாவில் கிளார்க், டிரைவர் என்று ஏதாவது போட்டிருக்கும். உண்மையான வேலை, விடுமுறை நாளான வெள்ளிக்கிழமை காலை மேட்ச்தான். நான் மதுரையிலிருந்து ஸ்டோர் கீப்பராகப் போனேன். அல் கூஸில் இருந்த கம்பெனி ஸ்டோரில் ஒரு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, சைட்டுக்குப் போகிறவர்களுக்குக் கையுறையும் ஹெல்மெட்டும் எடுத்துக் கொடுப்பேன். மத்தியானம் அவர்கள் சாரத்தின் மேல் வெயிலில் நிற்கும்போது நான் பையைத் தூக்கிக்கொண்டு பிராக்டிஸுக்குக் கிளம்பிவிடுவேன். முதல் இரண்டு சீசனும் நன்றாக ஆடினேன், அதனால் இது எனக்கு உறுத்தவே இல்லை. ரன் அடிக்கிறவனுக்கு எதுவும் உறுத்தாது.

மூன்றாவது சீசனில் ரன் நின்றுபோனது. ஏன் என்று கேட்காதீர்கள், இன்றுவரை எனக்குத் தெரியாது. மணல் மைதானத்தின் நடுவே சிமெண்ட் தளம், அதன் மேல் விரித்த பாய், அதே பந்து, அதே கை. ஆனால் ஒரு வாரம் போல்டு, அடுத்த வாரம் ஸ்லிப்பில் கேட்ச், அதற்கடுத்த வாரம் லெக் சைடில் வீணாய்ப்போன பந்தைப் போய்த் தட்டிக் கீப்பரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். பேட்டை மாற்றினேன். ஷூவை மாற்றினேன். பர் துபாய் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டேன். வெள்ளிக்கிழமை காலையில் எந்தக் காலை முதலில் தரையில் வைப்பது என்பதைக்கூட மாற்றிப் பார்த்தேன். மாறாதது ஒன்றுதான்: பேட்டிங் போன சூட்டோடு திரும்பி வருவது.

எங்கள் தொழிலாளர் கேம்ப் ஆட்கள் கம்பெனி பஸ்ஸில் மேட்ச் பார்க்க வருவார்கள். ஜெயித்தால் அன்று கேம்ப்பில் முதலாளி கணக்கில் பிரியாணி; அது அவர் ஏற்படுத்திய வழக்கம். தோற்றால் வழக்கமான பருப்பும் ரொட்டியும். மறுநாள் காலை அதே ஆட்கள் என் ஜன்னலுக்கு முன்னால் வரிசையாக நிற்பார்கள். ஒருத்தரும் திட்ட மாட்டார்கள். ராமநாதபுரத்துக் கொத்தனார் ஒருவர் மட்டும் ஒருநாள், "சார், ஹெல்மெட் ஒண்ணு குடுங்க. நீங்க நேத்து போட்டுட்டுப் போனீங்கள்ல, அதையே குடுங்க. அதுல ஒரு சொட்டு வேர்வைகூட பட்டிருக்காது" என்றார். வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே சிமெண்ட் மூட்டைகளுக்கு நடுவில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமைதோறும் போன் கார்டு போட்டு அம்மாவிடம் பேசுவேன். "இன்னிக்கு எத்தனை ரன்னுப்பா?" என்பாள். முட்டை என்று சொல்ல நாக்கு வராது. "மழைம்மா, மேட்ச் நின்னுபோச்சு" என்றேன் ஒருமுறை. அது வசதியாக இருந்ததால் அடுத்த முறையும் மழை பெய்தது. கடைசியில் அம்மா தெருவில், துபாயில் வாராவாரம் மழையாம், நம்ம வைகைதான் காய்ந்து கிடக்கிறது என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். இதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். அந்த வருடம் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்த நிலைமையில்தான் சேதுராமன் வந்தான். பரமக்குடிக்காரன், என்னைவிட மூன்று வயது இளையவன், கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. விசிட் விசாவில் கொண்டுவந்திருந்தார்கள். எங்கள் கேப்டன் சியால்கோட்காரர், கம்பெனியில் டிரான்ஸ்போர்ட் ஃபோர்மேன், முதலாளிக்கு நெருக்கம். அவர் ஒளித்து மறைத்துப் பேசுகிறவர் இல்லை. என்னைத் தனியே கூப்பிட்டு, "தேக்கோ பாய், விசா ஏக் ஹி ஹை" என்றார். ஒரே ஒரு விசாதான் இருக்கிறது. என்னுடையது அந்த மார்ச்சோடு முடிகிறது. புதுப்பித்தால் எனக்கு, இல்லையென்றால் அதே இடத்தில் சேதுவுக்கு. சீசன் முடியட்டும், முதலாளி முடிவு செய்வார் என்றார். இதில் கொடுமை என்னவென்றால், அவனைத் தங்க வைத்தது என் ரூமிலேயே. சத்வாவில் ஒரு தையல் கடைக்கு மேலே இருந்த ரூம். என் கட்டிலுக்கு மேல் கட்டில் காலியாக இருந்தது. அதில் ஏறிப் படுத்துக்கொண்டான்.

நான் அவனோடு சண்டை போட்டேன் என்று நினைக்காதீர்கள். அப்படிச் செய்திருந்தால்கூட மரியாதையாக இருந்திருக்கும். நான் பேசாமல் இருந்தேன். "அண்ணே, சாப்டீங்களா?" என்பான். "ம்" என்பேன். "அண்ணே, தண்ணி சூடு பண்ணவா?" "ம்." அவன் பக்கம் திரும்பாமலே பதில் சொல்லப் பழகிவிட்டேன். அவன் பெயரை என் வாய் சொல்லவே இல்லை. மைதானத்திலும் அதே கதைதான். நான் முதல் ஆளாக இறங்குவேன், அவன் ஒன் டவுன். ஆகவே நான் அவுட்டாகி உள்ளே வரும்போது அவன் என்னைத் தாண்டிக்கொண்டு வெளியே போவான். பேட்டுகளைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் எதிரெதிரே நடந்து கடப்போம், அவன் என் முகத்தைப் பார்ப்பான், நான் ஷூவைப் பார்ப்பேன். அவன் முப்பது நாற்பது அடித்துவிட்டு வருவான்.

இப்போது யோசித்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது. அவன் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் இருப்பான். இவனுக்குத் தன் அழகில் அவ்வளவு அக்கறை என்று நினைத்தேன். சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்திருப்பான். உடம்பைக் குறைத்து ரன் ஓடுவதற்காக இருக்கும் என்று கணக்குப் போட்டேன். தெருமுனை கார்டு போனில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு மெல்லிய குரலில் பேசுவான். விசா நமக்குத்தான், அந்த ஆள் ஒழிந்தான் என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறான் என்று நானே வசனம் எழுதிக்கொண்டேன். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் கீழே கஃபட்டேரியாவில் இரண்டு டீ வாங்கிக்கொண்டு வந்து, ஒன்றை என்னிடம் நீட்டினான்.

"அண்ணே, ஒங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்."

"நாளைக்கு மேட்ச் முடியட்டும்."

"இல்லண்ணே, அதுக்கு முன்னாடியே…"

"முடியட்டும்னு சொல்றேன்ல."

டீயை வாங்காமல் மாடிப்படி ஏறிவிட்டேன். விட்டுக்கொடுக்கச் சொல்லிக் கேட்கப்போகிறான் என்று எனக்கு அவ்வளவு நிச்சயம்.

மறுநாள் காலை ஷார்ஜா பக்கம் ஒரு மைதானத்தில் சீசனின் கடைசி லீக் மேட்ச். ஜெயித்தால் அரையிறுதி, தோற்றால் அத்தோடு வீடு. முதலாளியே வந்து நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பஸ்ஸில் கேம்ப் ஆட்கள். எதிர் டீம் முதலில் ஆடி நல்ல ஸ்கோர் எடுத்திருந்தது. நாங்கள் இறங்கினோம். அதிசயமாக அன்று இரண்டாவது ஓவரிலேயே என்னோடு இறங்கியவர் அவுட்டானார். நான் நின்றேன். சேது உள்ளே வந்தான். அந்த சீசனில் நானும் அவனும் ஒன்றாக பிட்ச்சில் நின்றது அன்றுதான் முதல் தடவை.

"நிதானமா பாத்துக்கலாம்ணே" என்றான். நான் கையுறையைச் சரிசெய்தேன்.

ரன்னுக்கெல்லாம் அவன்தான் குரல் கொடுத்தான். தட்டிவிட்டு "வாங்கண்ணே" என்பான், ஓடுவேன். "வேணாண்ணே" என்பான், நிற்பேன். எனக்கு எதிரே ஒரு இடதுகை ஸ்பின்னர் வந்தார். பந்து பாயில் பட்டு நான் நினைக்காத பக்கமெல்லாம் திரும்பியது. மூன்று பந்து தொடர்ந்து பேட்டில் படாமல் போனது. கேம்ப் ஆட்கள் பக்கம் சத்தம் எழ ஆரம்பித்தது. அடுத்த பந்தில் நான் அவுட் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த முனையிலிருந்து எப்படியாவது தப்பித்தால் போதும் என்று இருந்தது. பந்து வந்ததும் தள்ளிவிட்டேன். நேராக மிட் ஆஃபில் நின்றவர் கைக்குப் போனது. அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே, "சேது, யெஸ்! வா!" என்று கத்திவிட்டு ஓடினேன்.

அவன் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. எதிர்முனையிலிருந்து பாய்ந்து வந்தான். நான் நாலு எட்டு வைத்ததும் ஃபீல்டர் பந்தை எடுப்பதைப் பார்த்தேன். கால் நின்றுவிட்டது. திரும்பி என் கிரீஸை நோக்கி ஓடினேன். அதற்குள் அவன் பாதி பிட்ச்சைத் தாண்டி வந்துவிட்டான், இனி அவனால் திரும்ப முடியாது. ஒரே கிரீஸை நோக்கி இரண்டு பேர், பக்கத்தில் பக்கத்தில், தோள் உரச ஓடினோம். உங்களுக்கு விதி தெரியும்: யார் முதலில் பேட்டை வைக்கிறாரோ அவர் தப்பினார், மற்றவர் அவுட். அந்தக் கோட்டுக்கு அப்பால் ஒரே ஒரு விசா இருப்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். தப்பு என்னுடையது. இருந்தும் நான் அவனை முந்தப் பார்த்தேன், முழங்கையால் லேசாகத் தள்ளக்கூடச் செய்தேன். அவன் என்னைவிட வேகக்காரன், ஒரு எட்டு முன்னால் இருந்தான். பேட்டைக் கீழே வைத்தால் போதும்.

அவன் வைக்கவில்லை. பேட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேகத்தைக் குறைத்தான். நான் விழுந்து புரண்டு என் பேட்டைக் கோட்டுக்குள் நுழைத்தேன். எதிர்முனையில் ஸ்டம்பு தெறித்தது. எழுந்து முகத்தில் ஒட்டிய மணலைத் துடைத்தபோது அவன் ஏற்கெனவே நடந்துபோய்க்கொண்டிருந்தான்.

கேம்ப் ஆட்கள் பக்கமிருந்து ஒரு குரல் மைதானம் முழுக்கக் கேட்டது: "அவன வெளிய அனுப்பிட்டு நீ நின்னு என்னத்தய்யா கிழிக்கப்போற?" முதலாளிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்தக் குரலுக்கு அர்த்தம் கேட்க வேண்டிய தேவை யாருக்கும் இருக்கவில்லை.

மீண்டு வந்தது எப்படி என்று கேட்டீர்களே, இப்படித்தான். காது இரண்டும் எரிந்தது. மானம் போவதற்கு இனி மிச்சம் எதுவும் இல்லை என்று தெரிந்ததும் அவுட்டாவதைப் பற்றிய பயம் எனக்குள்ளிருந்து கழன்று போய்விட்டது. அடுத்த பந்தை இறங்கி வந்து அடித்தேன், மணலைத் தாண்டி கார்கள் நின்ற இடத்தில் விழுந்தது. அதற்கடுத்ததையும் அடித்தேன். பந்து பேட்டின் நடுவில் படும் சத்தம் எவ்வளவு நாளைக்குப் பிறகு கேட்டது! சந்தோஷம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. ஒவ்வொரு ஓவர் முடிவிலும் பார்வை தானாக எங்கள் ஷாமியானா பக்கம் போகும்; சேது பேடைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான், நான் பவுண்டரி அடிக்கும்போதெல்லாம் கையும் தட்டினான். மத்தியான ஜும்மா தொழுகைக்கு நேரமாகும் முன் ஜெயித்துவிட்டோம். கடைசிவரை நான் அவுட்டாகவில்லை. என்னத்தய்யா கிழிக்கப்போற என்றவர்களே என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். அந்த உயரத்திலிருந்து பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது, என்னைப் பார்த்துத்தான்.

அந்த வாரமே என் பாஸ்போர்ட் விசா புதுப்பிக்கப் போனது. சேதுவுக்கு டிக்கெட் போட்டார்கள். கேப்டன் ஜன்னலுக்கு வந்து வேன் சாவியை என் முன்னால் வைத்தார். "உஸ்கோ ஏர்போர்ட் தும் சோடோ." நீயே அவனைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வா என்றார். ஸ்டோரில் லோடு வருகிறது, டூட்டியை விட்டு நகர முடியாது என்றேன். லோடு எதுவும் வரவில்லை, அது அவருக்கும் தெரியும். "அச்சா" என்று சொல்லிவிட்டு சாவியை எடுத்துக்கொண்டு போனார். அதன் பிறகும் பல வருடம் அவர் டீமில் ஆடினேன். என் பேட்டிங்கை ஒருமுறைகூட அவர் பாராட்டவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. சாயங்காலம் ரூமுக்குப் போனபோது மேல் கட்டிலில் பெட்ஷீட் மடித்து வைத்திருந்தது.

அவன் எனக்காகத் தியாகம் செய்தான் என்று நம்பினேன். அதனாலேயே அவனுக்குப் போன் செய்யவில்லை. கும்பிடுவதா, மன்னிப்புக் கேட்பதா என்று தெரியாத ஒருத்தனிடம் எப்படிப் பேசுவது? வருடங்கள் போயின. ஆட்டத்தை நிறுத்தி, ஷார்ஜாவில் பயிற்சியாளனாகி, தலை நரைத்த பிறகு ஒருநாள் இந்திய நம்பரிலிருந்து அழைப்பு வந்தது.

"அண்ணே, பரமக்குடி சேது பேசுறேன். ஞாபகம் இருக்கா?"

அக்கா மகன் அங்கே ஒரு டீமுக்கு ஆட வருகிறான், கொஞ்சம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றான். சரி என்றேன். அத்தனை வருடம் உள்ளே கிடந்ததையெல்லாம் கொட்டினேன். "அன்னிக்கு நீ பேட்டை வச்சிருந்தா ஒனக்குத்தான் சேது விசா. எனக்காக விட்டுட்டியேடா. நான் ஒன்னய முழங்கையால தள்ளினேன்டா."

அந்தப் பக்கம் பெரிதாகச் சிரித்தான்.

"அட, ஒங்களுக்காக யாருண்ணே விட்டது? எனக்கு அந்த ஊரு பிடிக்கவே இல்ல. வந்த நாள்லேர்ந்து வீட்டு நெனப்பு. வீட்ல அவ மாசமா இருந்தா, தெனமும் போன்ல அழுவா. நானும் பாத்ரூம்ல குழாயத் தொறந்துவிட்டுட்டு அழுவேன். ஆனா நான் கெளம்புறப்ப பஸ் ஸ்டாண்டுல என் போட்டோ போட்டு ஃபிளக்ஸ் வச்சுட்டாய்ங்க, 'கடல் கடக்கும் எங்கள் சிங்கமே'ன்னு. பிடிக்கலன்னு திரும்பி வந்தா ஊருக்குள்ள தலகாட்ட முடியுமா? மேட்சுல ரன் அவுட்டு, விசா போயிருச்சுன்னா நாலு பேருட்ட சொல்லிக்கிறலாம். டீ வாங்கிட்டு வந்து அதச் சொல்லத்தான் பாத்தேன், நீங்கதான் காது குடுக்கல. விசா நீங்களே வச்சுக்கங்கன்னு சொல்லிருந்தா நீங்களும் நிம்மதியா ஆடிருப்பீங்கள்ல?"

நானும் சிரித்தேன். நிஜமாகவே உடம்பிலிருந்து ஒரு பாரம் இறங்கியதுபோல இருந்தது. நான் பறிக்கவில்லை, அவன்தான் வேண்டாம் என்று விட்டிருக்கிறான். இத்தனை வருடம் வீணாகக் குமைந்தேனே என்று தோன்றியது. அந்த நிம்மதியில், பழைய ஆட்டக்காரர்கள் பேசிக்கொள்வது போல, வாய் சும்மா இராமல் கேட்டேன்.

"அது சரி சேது, அது ரன்னே இல்லையே? பந்து நேரா ஃபீல்டர் கைக்குப் போச்சு. ஒனக்கு எதுத்தாப்லதான தெரிஞ்சிருக்கும். முடியாதுன்னு கத்தியிருந்தா நான்தானே அவுட்டாயிருப்பேன்? அப்பறம் எதுக்கு ஓடி வந்த?"

அவன் யோசிக்கக்கூட இல்லை.

"நீங்க கூப்ட்டீங்கள்லண்ணே. அந்த ரூமுல இருந்த அத்தன நாள்ல நீங்க என்னய பேர் சொல்லிக் கூப்ட்டது அது ஒண்ணுதான். சரின்னு வந்துட்டேன்."